பெத்தணன் போட்ட கையெழுத்து

மூன்று மாதமாகியும் ஆட்டுக்காரர்கள் பதினொரு பேரில் ஒருவனுக்கும் ஓரெழுத்துகூட வரவில்லை.

சித்திரை பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. சித்திரை முதல் தேதி ஜமீன் கணக்கர் மேய்ச்சல் பத்திரத்தோடு மலைக்கு வருவார். கையெழுத்துப் போடத் தெரிந்தவனுக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். தெரியாதவனுக்குக் கணக்கரே போட்டுக்கொள்வார். வாசிப்பு கிடையாது. போன தடவை பதினொரு பேருக்கும் அவரே போட்டார். மலையின் மேற்குச் சரிவு ஜமீனுக்குப் போயிற்று. இந்தத் தடவை கிழக்கும் போனால் ஆடுகளை ஆகாயத்தில்தான் மேய்க்க வேண்டும்.

அதற்காகத்தான் மடத்திலிருந்து சிவக்கொழுந்தை அனுப்பினார் குரு.

சிவக்கொழுந்துக்கு வயது நாற்பத்தெட்டு. குருவுக்கு ஐம்பது. கற்பிப்பது எப்படி என்று சிவக்கொழுந்து பதினேழு விதிகள் எழுதி வைத்திருந்தான். நல்ல விதிகள். ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. தொந்தரவே அதுதான்.

மலையிலிருந்து இறங்கி வந்து குருவின் முன்னால் உட்கார்ந்தான். குரு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வரவில்லை சாமி."

"யார்?"

"எழுத்து."

குரு தலையை நிமிர்த்தவில்லை. "உன் முதல் விதி என்ன?"

"தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும்."

"போனாயா?"

"போனேன். அவர்களுக்குத் தெரிந்தது ஆடு. ஆடு படம் போட்டுப் பக்கத்தில் 'ஆ' எழுதினேன். இது வெள்ளாடா செம்மறியா என்று அழகுமலை கேட்டான். பொதுவாக ஆடு என்றேன். பொதுவாக ஆடு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்றான். கிடாயா, பெட்டையா, எத்தனை பல் என்று ஆளுக்கு ஆள் ஆரம்பித்தார்கள். நான் போட்ட கால்களை வைத்துக்கொண்டு அது நடக்கவே நடக்காதாம்."

"எத்தனை நாள் இந்தக் கூத்து?"

"தை மாதம் முழுக்க."

"இரண்டாவது விதி?"

"செய்து கற்க வேண்டும்."

"செய்தார்களா?"

"நான்தான் செய்தேன் சாமி. ஆட்டுக்கு வயிறு உப்பினால் இப்போது எனக்கு வைத்தியம் தெரியும்."

"அதுவாவது உருப்படியாக நடந்ததே. மூன்றாவது?"

"விடையைச் சொல்லாதே, கேள்வி கேட்டு மாணவன் வாயிலிருந்தே வரவழை. எழுத்தை எழுதிவிட்டு இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதும் இல்லை, தலையைக் குனிந்துகொள்கிறார்கள். போன வாரம் சடையாண்டி என் முதுகைத் தடவிக்கொடுத்து, 'பரவால்ல வாத்தியாரே, மெதுவா நெனவு வரும்' என்று சொல்லி மோர் கொடுத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே பிசகினேன்?"

குரு ஒரு வெண்டைக்காயைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன?"

"வெண்டைக்காய்."

"அது?"

"கிணறு சாமி."

"இது?"

"உங்கள் கால்."

குரு விடவில்லை. மறுநாள் காலையில் நாயைக் காட்டிக் கேட்டார். வேப்பமரத்தைக் காட்டிக் கேட்டார். சமையல்காரரைக் காட்டியே கேட்டார். மத்தியானத்துக்குள் சிவக்கொழுந்து குருவின் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட ஆரம்பித்துவிட்டான். சாயங்காலம் பொன்னாங்கண்ணிச் சாறு பிழிந்து கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினான்.

"எதற்கு?"

"கண்ணுக்கு."

"என் கண்ணுக்கு என்ன கேடு?"

"நேற்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இது என்ன என்கிறீர்களே சாமி. தெரிந்தவர் கேட்பாரா?"

குரு சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"மலைக்குப் போ" என்றார்.

பாதி மலை ஏறும்போதுதான் சிவக்கொழுந்துக்கு உறைத்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். வாத்தியாருக்கே எழுத்துத் தெரியாது என்றல்லவா நினைத்திருக்கிறார்கள்! மூன்று மாதமாகத் தன்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்கள்! எழுந்து ஓட்டமும் நடையுமாக ஏறினான். போனதும் முதல் வேலையாக, எனக்குத் தெரியும், எல்லா எழுத்தும் தெரியும் என்று கத்திவிட வேண்டும்.

ஆட்டுப்பட்டியில் பதினொரு பேரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். எதிரே சடையாண்டி பெண்சாதி மொக்கத்தாய், கையில் குச்சியோடு. தரையில் மணலைப் பரப்பி எழுதியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கீழ்நாட்டில் மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவள். சிவக்கொழுந்துக்கு அது தெரியாது. வகுப்பு ஆண்களுக்கு என்று அவன்தான் வைத்தான். அவளை யாரும் கேட்கவில்லை.

"ஏ பெத்தணா, ஆட்டுக் காதுல ஒன் அடையாள வெட்டு எப்படி இருக்கும்?"

"நுனியில ஒரு கீறல், நடுவுல ஒரு தொளை."

"நானூறு ஆட்டுக்குள்ள நின்னாலும் கண்டுபிடிப்பியா?"

"இருட்டுல தடவியே கண்டுபிடிப்பேன்."

"அப்ப இதுக்கு ஏன் முழிக்கிற? இது காயிதத்துல போடுற காதுவெட்டு. ஒன் பேரோட வெட்டு. மொதல்ல ஒரு கொம்பு, அடுத்து ப. பெ. போடு."

"வெள்ளாட்டுக் கொம்பா, செம்மறிக் கொம்பா?"

"குச்சி ஒடியும். போடுறா."

பெத்தணன் போட்டான். கோணல்தான். ஆனாலும் பெ.

அப்போதுதான் சிவக்கொழுந்தைப் பார்த்தார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"தப்பா நெனக்காதீங்க வாத்தியாரே" என்றான் சடையாண்டி. "ஒங்களுக்கு மறந்துபோச்சுன்னு வெளியில மூச்சு விடல. சாமிக்குத் தெரிஞ்சா ஒங்களக் கழுத்தப் பிடிச்சுத் தள்ளிருவாரு. நாங்களாச்சும் படிச்சு ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்துரலாம்னுதான்…"

"மூணு மாசமா எங்ககிட்ட வந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க" என்றான் அழகுமலை. "மனசு கேக்கல."

சிவக்கொழுந்து வாயைத் திறந்தான். பதினொரு பேரும் அந்த வாயையே பார்த்தார்கள். மூடிக்கொண்டான். வரிசையின் கடைசியில் போய்க் குந்தினான்.

மொக்கத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளை ஏமாற்ற முடியவில்லை என்பது அவள் உதட்டோரத்தில் தெரிந்தது. மணலைச் சமப்படுத்திப் புதிதாக எழுதினாள்.

"இது என்னங்க வாத்தியாரே?"

"தெரியலையே."

"அ!" என்று பதினொரு பேரும் கத்தினார்கள்.

அடுத்த ஏழு நாளும் சிவக்கொழுந்து தப்புத் தப்பாக எழுதினான். ஒவ்வொரு தப்பையும் பதினொரு பேர் திருத்தினார்கள். மூன்றாம் தடவையும் 'ழ'வைத் தலைகீழாகப் போட்டபோது அழகுமலை அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மாணவனை அடிக்கக் கூடாது என்பது சிவக்கொழுந்தின் ஐந்தாவது விதி. மண்டையைத் தடவிக்கொண்டு 'ழ'வைத் திரும்பப் போட்டான்.

பத்துப் பேர் தேறிவிட்டார்கள், அவரவர் பெயர் அளவுக்கு மட்டும். சடையாண்டிதான் பாக்கி. அவன் மண்டு இல்லை. மொக்கத்தாய் அவன் பெயரை மணலில் அழகாக எழுதுவாள். புருஷன் பெயரை, எழுத்து எழுத்தாகக்கூட, வாயால் சொல்ல மாட்டாள். அந்த மலையில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சடையாண்டி அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான், எது எந்த ஓசை என்று தெரியாமல்.

பங்குனிக் கடைசி நாள். மொக்கத்தாய் குச்சியை முதல் எழுத்தின்மேல் வைத்துக்கொண்டு சிவக்கொழுந்தைப் பார்த்தாள்.

"இது என்ன வாத்தியாரே?"

இந்தத் தடவை அவள் நிஜமாகவே கேட்டாள்.

"ச" என்றான் சிவக்கொழுந்து.

மொக்கத்தாய் குச்சியை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினாள்.

"இது?"

"டை."

"இது?"

"யா. ண். டி."

"நெனவு வந்துருச்சு!" என்று சடையாண்டி துள்ளி எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான். "வாத்தியாருக்கு நெனவு வந்துருச்சு!" அழகுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு முழுக்கச் சடையாண்டி தன் பெயரை மணலில், பாறையில், அடுப்புக்கரியால் சுவரில், இடம் கண்ட இடத்திலெல்லாம் எழுதித் தீர்த்தான்.

மறுநாள் குருவும் வந்திருந்தார். சுவரில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுச் சடையாண்டியிடம் ஏதோ விசாரித்துக்கொண்டார். கணக்கர் பேனாவை மையில் தொட்டுப் பெத்தணனுக்காகக் கையெழுத்துப் போடக் குனிந்தார். பெத்தணன் பேனாவை வாங்கிக்கொண்டான்.

"மொதல்ல வாசிங்க" என்றான்.

"எதுக்கு?"

"நானே போடப்போறேன்."

கணக்கர் வாசித்தார். கிழக்குச் சரிவு ஜமீனுக்கு என்ற இடத்தில் குரல் இறங்கியது. "அத இன்னொரு தடவ" என்றான் சடையாண்டி. இன்னொரு தடவை வாசித்தார். அந்த வரி இருந்தால் கையெழுத்துக் கிடையாது என்று பெத்தணன் பேனாவைத் திருப்பி நீட்டினான். கணக்கர் அந்த வரியை அடித்துவிட்டு, கிழக்குச் சரிவு ஆட்டுக்காரர்களுக்கே என்று திருத்தி எழுதி, அதையும் வாசித்துக் காட்டினார். பிறகு பதினொரு கையெழுத்து. அழகுமலையின் 'ழ'வுக்கு ஒரு சுழி கூடுதல். கணக்கர் மோர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு சிவக்கொழுந்து பதினேழு விதிகளையும் குருவின் முன்னால் வைத்தான்.

"இதில் தப்பு எது சாமி?"

"ஒன்றும் இல்லை."

"பிறகு ஏன் பலிக்கவில்லை சாமி?"

"கடற்கரைக் குப்பத்தில் வாத்தியார் கேட்கிறார்கள். போகிறாயா?"

"போகிறேன்" என்றான். கிளம்பும்முன் ஆசி வாங்கக் குருவின் காலில் விழப் போனான்.

குரு காலை இழுத்துக்கொண்டார்.

"இங்கே ஏன் விழுகிறாய்? ஆசிரியர் பட்டிக்குள் இருக்கிறார்."

"யார் சாமி?"

"மொக்கத்தாய்."