கதவுப் பலகைத் தோடு

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில் மரங்கொத்தி நகை செய்துகொண்டிருந்தது. நிற்கிற மரத்தை அது தொடாது. உடைந்த தொட்டில், ஒடிந்த ஏர், கரை ஒதுங்கிய படகு என்று ஊரார் கொண்டுவரும் மரத்தில்தான் அலகால் துளையிட்டு மணியும் தோடும் செய்யும். சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்து, புன்னை எண்ணெய் தடவிக் கொடுக்கும்.

மரங்களுக்கு அப்போது காது உண்டு. உடைந்தாலோ பட்டுப்போனாலோ, அதற்குமுன் கடைசியாகக் கேட்ட மனிதச் சொல் மரத்துக்குள் தங்கிவிடும். அந்த மரத்தில் செய்த தோட்டைப் போட்டுக்கொண்டால் சொல் காதோடு பேசும்.

இருளாயி ஒரு பலகையைத் தலையில் சுமந்து வந்து இறக்கினாள்.

"என்ன மரம் தாயி?"

"எங்க வீட்டுக் கொல்லைக் கதவு, ஆசாரியாரே."

"கதவுன்னா ஏன் உப்பு வாடை அடிக்குது?"

"படகு ஓட்டையை அடைக்க அவரு கழட்டிட்டுப் போனாரு."

படகில் இந்தப் பலகை மட்டும்தான் திரும்பி வந்திருந்தது. தாழ்ப்பாள் துளையைப் பார்த்து அடையாளம் கண்டிருந்தாள்.

கதவைக் கழற்றிய அன்று வீட்டில் சண்டை. வழக்கமாகக் கரைவரை போய் வழியனுப்புகிறவள் போகவில்லை. முன்வாசலில் நின்றே பார்த்தாள். படகைத் தள்ளுமுன் அவள் புருஷன் சேதுராயன் இந்தப் பலகைமேல் கை வைத்தபடி வீட்டுப் பக்கம் திரும்பினான். வாய் அசைந்தது. காற்று கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்ததால் சொல் அவளுக்கு எட்டவில்லை. கடலுக்குள் போனால் அவன் பேசுகிறவன் இல்லை. பேசினால் மீன் கலைந்துவிடும் என்பான்.

மரங்கொத்தி பலகையைத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்தது.

"இருக்கு."

"என்ன சொல்றாரு?"

"இருக்குன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். மத்தது போடுற காதுக்கு."

"திட்டியிருப்பாரோ?"

மரங்கொத்தி எண்ணெய்ச் சிரட்டையை நகர்த்தி வைத்தது. "கடல் குடிச்ச மரம். வீட்டு நிழல்ல தானாக் காயணும். வெயில் ஆகாது, அடுப்பு ஆகவே ஆகாது. வெடிச்சா சொல் நிக்காது."

தினமும் காலையில் இருளாயி பலகையைத் தடவிப் பார்த்தாள். ஈரம் கையில் ஒட்டியது. மரங்கொத்தியிடம் போய் நின்றாள்.

"நேத்து வந்தே, இன்னிக்கும் வந்து நிக்கிறே. கருவாடு போடுறவளுக்குக் காயுறதைப் பத்தி நான் சொல்லணுமா?"

"கருவாடு வெயில்லதான காயுது."

"அதான் அது பேசுறதில்ல."

அவள் சிரித்தாள். படகு வராமல் போனதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் அவன் அதைப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. காய்ந்துவந்த பலகை மறுபடி நமத்தது. லேசாகச் சூடு காட்டினால் போதும் என்று அடுப்பருகே சாய்த்துவிட்டு, சுள்ளி எடுக்கக் குனிந்தாள்.

படீரென்று ஒரு சத்தம். அவள் நிமிர்வதற்குள் ஒரு குரல் அடுக்களையைக் கடந்தது. அவன் குரல்தான். வைததா, கூப்பிட்டதா, பிடிபடவில்லை. குரல் கொல்லை வழியாக வெளியே போய்விட்டது.

இரண்டாகப் பிளந்த பலகையை மடியில் வைத்துக்கொண்டு மரங்கொத்தியின் முன் உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்தியிருக்கலாமே தாயி."

"இதுதான் அந்தக் கதவு."

மரங்கொத்தி பலகையை வாங்கிக்கொண்டது. பிளவுக்கு ஒன்றாக இரண்டு தோடு செய்து கொடுத்தது. போட்டுக்கொண்டாள். காதில் மரத்தின் வெதுவெதுப்பு மட்டும் இருந்தது.

"கொல்லைக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

"மரங்கதான். பூவரசு, புன்னை. அதுக்கு அப்புறம் காடு."

"அதுல ஒண்ணு கேட்டிருக்கும். பட்டுப்போனா அதுக்குள்ள இருக்கும். நான் தட்டிப் பாக்குறேன்."

"எல்லா மரத்தையுமா?"

"வேற எப்படித் தெரியும்?"

எண்ணெய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரங்கொத்தி பறந்தது. இருளாயி கொல்லை வாசலுக்குக் கடைசிவரை கதவு போடவில்லை.

பட்ட மரமாகப் பார்த்து உட்கார்ந்து, தட்டி, நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு மரங்கொத்தி பறப்பது அன்று முதல்தான்.