பூந்திக்குப் பொன்னாடை

செங்கமடைக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிவார்கள். சுத்தப் பொய். மூளை இருந்தது. மடிப்புக் கலையாமல், தூசி படாமல், வாங்கினபடியே இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் பந்தல், மைக் செட், நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர் தாண்டவம். தம்பிமார் இரண்டு பேர். நடுவுள்ளவன் உலகநாதன், கடைக்குட்டி பிச்சாண்டி. தாண்டவம் ஆள் லட்சணமாகத்தான் இருப்பார். ஆனால் நாற்பது வயசாகியும் கல்யாணம் கூடி வரவில்லை. முதல் இடத்துக்கு, "போய்ப் பெண்ணைப் பார்த்துட்டு வா" என்று அனுப்பினார்கள். போனார், வாசலில் நின்று பார்த்தார், வந்துவிட்டார். இரண்டாவது இடத்தில் நல்ல மரியாதை. "கை நனைச்சுட்டுத்தான் போகணும்" என்றார்கள். அண்டாவில் கையை நனைத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

ஊரில் உள்ளவனுக்கெல்லாம் முகூர்த்தப் பந்தல் போட்ட மனுஷன், தன் வீட்டு வாசலில் ஒரு மூங்கில் ஊன்ற வழியில்லாமல் இருந்தார். கல்யாண வீடுகளில் பந்திக்குக் கூப்பிட்டால்கூடப் போகாமல் ஜெனரேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அந்தச் சத்தத்தில் பெருமூச்சு விட்டால் யாருக்கும் கேட்காது.

கடைசியில் மலையடிவாரத்து ஊரிலிருந்து செண்பகவல்லி என்ற பெண் சம்மதித்தாள். சும்மா இல்லை. அவளிடம் பாமரேனியன் நாய்க்குட்டி ஒன்று இருந்தது. பிறந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பஞ்சு உருண்டைக்குக் கண்ணும் மூக்கும் வைத்த மாதிரி இருக்கும். பேர் பூந்தி.

செண்பகவல்லி கூடையோடு குட்டியைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"நான் இந்த வீட்டுக்கு வந்தா பூந்தியும் வரும். ஊசி போட்டு முடியலை, அதனால வெளிய விடக்கூடாது. வீட்டுக்குள்ளயே ஒரு இடத்துல போறதுக்குப் பழக்குங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவோட வருவேன். இந்தக் கூடம் காஞ்சு கிடந்தா தேதி குறிப்போம். ஒரு சொட்டு ஈரம் கண்ணுல பட்டுது, குட்டியைத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

அவள் தெருமுனை தாண்டவில்லை, பூந்தி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து எழுந்தது. சகோதரர்கள் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணே, ஈரம்" என்றான் பிச்சாண்டி.

"எனக்கும் கண்ணு இருக்குலே."

உலகநாதன் தாடையைத் தடவினான். "கூடம் காஞ்சு கிடக்கணும்னுதானே மதினி சொன்னாங்க? நாய் நனைக்கக்கூடாதுன்னு சொன்ன மாதிரி தெரியலியே."

அதில் நியாயம் இருந்தது. கல்யாண மண்டபத்துப் பெரிய ஃபேனை உருட்டிக்கொண்டு வந்து முழு வேகத்தில் போட்டார்கள். ஈரம் காய்ந்தது. சுவரில் தொங்கின காலண்டர் அடுத்த வருஷத்துக்குப் போகிற மாதிரி படபடத்தது. பூந்தி உருண்டுபோய்ச் சமையல்கட்டில் உரலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. ஒண்டின இடத்தில் ஒரு ஈரம். ஃபேனை அங்கே உருட்டினார்கள். பூந்தி இங்கே ஓடிவந்தது. சாயந்தரம்வரை நாய் முன்னாலும் ஃபேன் பின்னாலுமாகப் போனதில் வீட்டு ஃப்யூஸ் போனது.

தாண்டவம் செண்பகவல்லிக்குப் போன் போட்டார்.

"பேப்பர் விரிச்சு வைங்க. அதுமேல போகும்" என்றாள் அவள்.

இதென்ன பிரமாதம்! அன்றைய பேப்பரை விரித்தார்கள். உலகநாதன் பதறினான். "அண்ணே, முருகன் படம்!"

"கன்னத்துல போட்டுக்கோ. வெட்டி எடு."

வெட்டினான். "இங்க ஒரு தலைவர் படம்."

"எந்தக் கட்சி?"

"தெரியலை. சிரிச்சுக்கிட்டிருக்காரு."

"சிரிச்சா ஜெயிச்சவரு. நமக்கு எதுக்கு வம்பு? அவரையும் வெட்டு."

"பக்கத்துல ஒருத்தர் உர்ருன்னு இருக்காரு."

"தோத்தவரு. அடுத்த தடவை ஜெயிச்சா என்ன செய்வே? வெட்டு."

பிச்சாண்டி மறுபக்கத்தைத் திருப்பினான். "கண்ணீர் அஞ்சலிண்ணே. நல்ல மனுஷன் மாதிரி தெரியுது."

"செத்தவர் மேலயா? அடப் பாவி, வெட்டு."

"ராசிபலன்?"

தாண்டவம் இதற்குக் கொஞ்சம் யோசித்தார். தனக்கு மேஷம், தம்பிமாருக்குக் கும்பமும் கன்னியும். செண்பகவல்லியின் ராசி தெரியாது. "மொத்தமா வெட்டிரு. எந்த ராசியில யாரு இருக்காங்கன்னு நமக்கென்ன தெரியும்?"

கடைசியில் ஜன்னல் சட்டம் மாதிரி ஓரம் மட்டும் மிஞ்சியது. பூந்தி வந்தது, மோந்து பார்த்தது. முருகன் இருந்த ஓட்டையில், பேப்பரில் ஒரு துளி படாமல், காரியத்தை முடித்துக்கொண்டு போனது.

"பேப்பருக்குள்ளதான் போயிருக்கு" என்றான் உலகநாதன்.

"ஆனா தரையிலயும் இருக்கே" என்றார் தாண்டவம். ஞாயிற்றுக்கிழமை அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் போன் போட்டார்.

செண்பகவல்லி சொன்னாள். "அச்சடிக்காத பேப்பரா போடுங்க. அதுல சரியாப் போச்சுன்னா உடனே பாராட்டணும். தாமதிக்கக்கூடாது. வீட்டுல உள்ள அத்தனை பேரும் பாராட்டணும். அப்பத்தான் அது மனசுல பதியும்."

தாண்டவத்தின் முகம் மலர்ந்தது. பந்திக்கு மேஜையில் விரிக்கிற வெள்ளைப் பேப்பர் சுருள் கடையில் மலைபோல் கிடந்தது. பாராட்டு என்றால் கேட்கவே வேண்டாம். எத்தனை பாராட்டு விழாவுக்கு மைக் கட்டினவர் அவர்! கூடத்திலேயே ஒரு மேடை போட்டார். ஸ்பீக்கர் பெட்டி இரண்டு, பின்னால் ஜரிகைத் திரை. பொன்னாடை ஒன்றையும் மடித்துத் தயாராக வைத்தார்.

மறுநாள் காலையில் பூந்தி எப்படியோ வெள்ளைப் பேப்பரில் உட்கார்ந்து எழுந்தது.

"அண்ணே, போயிருச்சு!" என்று கத்தினான் பிச்சாண்டி.

"மைக்கைப் போடு! யாரு தலைமை?"

"நீங்கதான் மூத்தவரு."

"நான் மாப்பிள்ளைலே. மாப்பிள்ளை தலைமை தாங்கினா நல்லா இருக்காது. உலகநாதா, நீ தாங்கு."

"நான் தாங்கினா வரவேற்புரை யாரு?"

"பிச்சாண்டி வரவேற்கட்டும். நன்றியுரையை விட்டுராதீங்க. நன்றி சொல்லாம எந்த விழா முடிஞ்சிருக்கு?"

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பிச்சாண்டி ஆரம்பித்ததும் ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. "இந்த இனிய காலைப் பொழுதிலே, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தன் சொந்த முயற்சியால், இந்தப் பேப்பரின் மையத்திலே..." தாண்டவம் கண்கலங்கிப் பொன்னாடையைப் போர்த்தினார். பாமரேனியன் சின்ன ஜாதி. பொன்னாடை பெரிய சைஸ். குட்டி முழுசாக மறைந்துபோய், ஜரிகை வைத்த ஒரு குவியல் கூடம் முழுக்க ஓடியது. மேடையில் மோதியது, மைக் வயரைச் சுற்றிக்கொண்டது, மிரட்சியில் வயிற்றில் மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் பொன்னாடைக்குள்ளேயே இறக்கிவிட்டது.

"இதையும் பாராட்டணுமா அண்ணே?" என்றான் உலகநாதன்.

"பொன்னாடை பேப்பர் இல்ல. கூட்டம் கலையலாம்."

அதற்குப் பிறகு பூந்தி எங்கே உட்காரப் போனாலும் ஒரு தடவை மைக் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளும்.

சனிக்கிழமை செண்பகவல்லியே கூப்பிட்டாள். நடந்ததைக் கேட்டு, "ஐயோ, மைக்கெல்லாம் கழட்டுங்க முதல்ல!" என்றாள். "அமைதியா இருங்க. பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாச் சின்னதாக்குங்க. தரையை மோந்துக்கிட்டே சுத்திச் சுத்தி வந்தா அவசரம்னு அர்த்தம். உடனே தூக்கிப் பேப்பர்ல வச்சிரணும். யோசிக்கக்கூடாது. முடியிறவரைக்கும் இறங்க விடக்கூடாது. திட்டவே கூடாது."

தாண்டவம் இதைத் தம்பிமாருக்கு உருப்போட வைத்தார்.

"யோசிக்கக்கூடாது" என்று ஒப்பித்த பிச்சாண்டி, "அது நமக்குக் கஷ்டமில்லண்ணே" என்றான்.

மேடையைப் பிரித்தார்கள். சத்தம் போன வீட்டில் பூந்தி பயம் தெளிந்து, பேப்பரைத் தேடிப் போய் உட்கார ஆரம்பித்தது. யாரும் கவனிக்கவில்லை. மூன்று பேரும் பேப்பரைச் சின்னதாக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். மடித்து மடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அது கைக்குட்டை அளவுக்கு வந்து நின்றது.

ஆட்டோ வந்தது. செண்பகவல்லி பழத்தட்டுகளை இறக்கிக்கொண்டிருக்க, அவளுடைய அப்பா மாடக்கண்ணு முன்னால் வந்தார். ஆள் நெல் மூட்டைக்கு மீசை வைத்த மாதிரி இருப்பார். மகள் கண்ணால் சோதிப்பாள், அவர் மூக்கால் சோதிப்பார். உள்ளே வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, நாய் வாடை அடிக்கிறதா என்று தரையை மோந்துகொண்டே கூடத்தை ஒரு சுற்று வந்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு சுற்று.

"அண்ணே, மோக்காரு" என்று குசுகுசுத்தான் பிச்சாண்டி.

"சுத்தவும் செய்யிறாரு" என்றான் உலகநாதன்.

தாண்டவம் தம்பிமாரைக் கையமர்த்தினார். "பெரிய மனுஷன்லே. ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"யோசிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கண்ணே! தரையில போயிட்டாருன்னா கல்யாணம் போச்சு!"

மூன்று பேரும் பாய்ந்தார்கள். ஜெனரேட்டர் தூக்கிப் பழகின கைகள். மாடக்கண்ணு அந்தரத்தில் போய்க் கைக்குட்டைப் பேப்பரின் மேல் இறங்கினார். ஒரு கால்தான் கொண்டது. இன்னொரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஏலே! யாருலே நீங்க? விடுங்கலே!"

"பயப்படாதீங்க, நாங்க திட்ட மாட்டோம்" என்றார் தாண்டவம் பரிவோடு. "தம்பிகளா, பிடியை விடாம அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. அவருக்குக் கூச்சமா இருக்கு."

அந்த நேரம் பார்த்துப் பூந்திக்கும் அவசரம் வந்தது. ஓடிவந்து பார்த்தால் பேப்பரில் ஒரு பெரிய கால். அங்குமிங்கும் பார்த்தது. வேறு இடத்தில் உட்காரவில்லை. பேப்பர் ஓரத்தில் நின்று, மாடக்கண்ணுவை அண்ணாந்து பார்த்து, சீக்கிரம் முடியுங்கள் என்கிற மாதிரி முனகியது.

செண்பகவல்லி பழத்தட்டோடு வாசலில் நின்றாள். அவள் தரையைப் பார்த்தாள்; எங்கேயும் ஈரமில்லை. குட்டியைப் பார்த்தாள். அதற்கு மேலே எதையும் அவள் பார்க்கவில்லை.

"அப்பா, பூந்தியைப் பாருங்களேன்! பேப்பர் காலியாகட்டும்னு காத்துக்கிட்டு நிக்குது! எவ்வளவு பொறுமையாப் பழக்கியிருக்காங்க! இன்னைக்கே தேதி குறிச்சிருங்கப்பா."

"குறிக்கேன் தாயி, நாளைக்கேன்னாலும் குறிக்கேன்" என்றார் மாடக்கண்ணு, ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே. "முதல்ல என்னைய இறக்கிவிடச் சொல்லு."

தாண்டவம் கல்யாண மாப்பிள்ளைக்கு உண்டான வெட்கத்தோடு தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"அதெப்படி மாமா இறக்குறது? நீங்க இன்னும் ஒண்ணுமே போகலியே!"