அப்பளக் கம்பெனிக்கு இன்னொரு சூரியன்

அப்பளக் கம்பெனி முதலாளி ராஜரத்தினத்துக்கு மூன்று ஊரில் ஆலை. உற்பத்தியை இரட்டிப்பாக்க எந்த ஆலையில் புது மெஷின் போடலாம் என்று கேட்டார்.

"மூணுலயும் போடுங்க" என்றார் கோட்டு போட்ட ஆலோசகர்.

அப்பளம் காயவைக்கும் பேச்சித்தாய் சொன்னாள்: "அப்படியே இன்னொரு சூரியனையும் வாங்கிருங்க முதலாளி."

"உனக்கென்ன தெரியும்?" என்று சீறினார் ஆலோசகர்.

"இப்பத் தேய்க்கிறதுலயே பாதி, காயவைக்க இடமில்லாமப் பூசணம் பிடிக்குது. வெயில்னு ஐயா களத்துப் பக்கமே வரலையே!"

முதலாளி போய்ப் பார்த்தார். மெஷினை விட்டுவிட்டு, மூன்று ஊரிலும் களத்தைப் பெரிதாக்கினார். உற்பத்தி இரட்டித்தது.

பொங்கலன்று அவர் பேச்சித்தாயைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளோ அண்ணாந்து கும்பிட்டாள்: "நீ ஒருத்தனே போதும் சாமி!"