மீனு எப்படி இருக்கு சார்?

டாக்டர் அறவாழி ஐம்பத்தோராவது வயதில் மறுபடியும் மாணவரானார்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவர். ஒரு நாள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு, பேராசிரியை ஃபரீதாவின் ஆய்வுக்கூடத்தில் வந்து நின்றார். ஃபரீதா அவரைவிட ஒன்பது வயது இளையவர். குழந்தைகளின் நரம்பு மண்டலத்தில் வரும் புற்றை ஜீப்ரா மீன்களை வைத்து ஆராய்கிறவர்.

"வார்டை ஏன் விட்டீங்க டாக்டர்?"

"அங்கே ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பேர் இருக்கு மேடம். மீனுக்குப் பேர் கிடையாது."

ஃபரீதா அவரை மீன் தொட்டிகளிடம் அழைத்துப் போனார். வலையைக் கையில் கொடுத்து, தொட்டிகளை எப்படிக் கழுவுவது என்று காட்டினார்.

ஏழெட்டு மாதம் நிம்மதியாகத்தான் போனது. விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். உடம்பில் நீலக் கோடுகள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பது தெரியும். அதன் உடம்புக்குள் புற்றுச் செல்லை வைத்தால், அது வளர்வதும் சுருங்குவதும் வெளியிலிருந்தே தெரியும்.

பிறகு பழைய வார்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் அறவாழி கணினியை மூடிவிட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாளும் அப்படியே. மூன்று நாள் கழித்துத்தான் திறந்தார்.

தன்ஷிகா என்று நாலு வயதுக் குழந்தை. சிறுநீரகத்துக்கு மேலே தொடங்கிய நரம்புப் புற்றுக்கட்டி எலும்புவரை போய்விட்டது. கொடுத்த மருந்து எதற்கும் அது மசியவில்லை. அவளுடைய செல்களை மீன் குஞ்சுகளில் வைத்து, மிச்சமிருக்கும் மருந்துகளில் எது வேலை செய்யும் என்று அவசரமாகப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அறவாழி ஆண் மீன்களையும் பெண் மீன்களையும் ஒன்றாக விட்டார். காலையில் முட்டை. அதிலிருந்து இரண்டு நாளில் குஞ்சுகள் தயார். வார்டிலிருந்து வந்த தன்ஷிகாவின் செல்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, அவற்றை மயிரிழை ஊசியால் நூறு குஞ்சுகளுக்குள் ஒவ்வொன்றாகச் செலுத்தினார். இருபது இருபதாக, ஐந்து வகை மருந்துத் தண்ணீரில் பிரித்து விட்டார். நாலாம் நாள் பார்க்க வேண்டும்.

மூன்று நாள் வீணாய்ப் போனதை அவர் ஃபரீதாவிடம் சொல்லவில்லை. ஃபரீதாவும் கேட்கவில்லை.

குழந்தையின் அப்பா ஏழுமலை எப்படியோ அறவாழியின் எண்ணை வாங்கிவிட்டார். போளூர்ப் பக்கம் ஊர், டிராக்டர் ஓட்டுகிறவர். தினமும் காலையில் கூப்பிடுவார்.

"சார், மீனு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"சாப்பிடுதா?"

"இப்போதைக்குத் தேவையில்லீங்க. முட்டைக்குள்ள இருந்த சத்து வயித்துலயே ஒட்டியிருக்கும்."

"பாப்பாவும் சாப்பிடல சார்."

நாலாம் நாள் காலையிலும் போன் வந்தது.

"பாப்பா நேத்து சாயங்காலம் போயிட்டா சார். ஊருக்குக் கொண்டாந்துட்டோம்." பிறகு, "மீனு எப்படி இருக்கு சார்?"

"பார்த்துட்டுச் சொல்றேங்க" என்று சொல்லி அறவாழி போனை வைத்தார்.

ஃபரீதாவிடம் போனார்.

"குழந்தை இறந்துடுச்சு மேடம். மீன்களை முடிச்சிடலாமா?"

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"நாலாவது."

"அப்போ பாருங்க."

பார்த்தார். நாலு வரிசையில் சிவப்பு பரவிக் கிடந்தது. ஐந்தாவது வரிசையில், இருபதில் பதினேழு குஞ்சுகளில், அது ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினார். பதினேழுதான்.

மூன்று நாள் முன்னால் தொடங்கியிருந்தால், அந்தக் குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோதே இந்தப் பதில் வந்திருக்கும்.

குஞ்சுகளை மயக்க மருந்துத் தண்ணீருக்கு மாற்றினார். ஒவ்வொன்றாக இதயம் நின்றது. நூறும் நிற்கும்வரை நுண்ணோக்கியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

"எந்த மருந்தும் வேலை செய்யலைன்னு அவர்கிட்ட சொல்லிடட்டுமா மேடம்?"

ஃபரீதா கார் சாவியை எடுத்தார்.

"போன்ல வேண்டாம். நேர்ல போய்ப் பார்த்ததைச் சொல்லுவோம். வாங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி. அடக்கம் முடிந்திருந்தது. வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

அறவாழி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு மருந்துல மட்டும் மீனுக்குள்ள கட்டி சுருங்கிச்சுங்க. பாப்பாவுக்கும் சுருங்கியிருக்குமான்னு எங்களால சொல்ல முடியாது. ஆனா மீன்ல சுருங்கிச்சு."

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா சார்?"

"ஆமாங்க."

"நாலு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா…" ஏழுமலை முடிக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு பெண் குரல் அழுது அழுது கம்மிப்போயிருந்தது. அவர் துண்டில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "விடுங்க சார். உங்களால ஆனதை நீங்க செஞ்சீங்க. எங்க நேரம் அப்படி. இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்களே, யார் வருவாங்க?"

அவர் கும்பிட்டார். அறவாழிக்குத் திருப்பிக் கும்பிடக் கை எழவில்லை.

ஃபரீதா காரை ஓட்டினார். சாலையோரப் புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன.

"சொல்லியாச்சு மேடம்," என்றார் அறவாழி.

"எதை?"

அறவாழி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். ஃபரீதா சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மின்னஞ்சல்ல தேதி இருக்கே."

"தெரிஞ்சும் ஏன் மேடம் என்னைக் கேட்கல?"

"நான் அந்தக் குழந்தைக்கு அப்பா இல்லை."

"அந்த மூணு நாளை இப்போ அவர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? குழந்தை திரும்பியா வரப்போறா?"

ஃபரீதா வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை நிறுத்தவில்லை.

"அவளால திரும்பி வர முடியாது, டாக்டர்," என்றார். "நாம இன்னும் போளூர்கூடத் தாண்டலை."