இலந்தைத் தீவு அணில்கள்

ஏரி நடுவே ஒரு சின்னத் தீவு இருந்தது. அதில் அணில்கள் வாழ்ந்தன. தீவு முழுக்க இலந்தை மரங்கள். வேறு எதுவும் விளையாது.

மேற்குக் கரைக் கரடி ஒன்றுதான் பழங்களை எல்லாம் வாங்கும். பதிலுக்குத் தினை கொடுக்கும். அந்தத் தினையை வைத்துத்தான் அணில்கள் கோடையை ஓட்டும்.

ஒரு வருடம் கரடி தூரத்து மலைக்குக் குடிபோய்விட்டது. பழங்கள் மரத்தடியில் குவிந்தன.

"இப்படியே விட்டால் கோடையில் பிள்ளைகள் பட்டினிதான்!" என்றது மின்னி என்ற அணில். "கிழக்குக் காட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் போய் விற்று வருகிறேன்."

கல்லன் என்ற ஆமை மின்னியையும் பழக்கூடையையும் முதுகில் ஏற்றிக் கரை சேர்த்தது.

"இலந்தைப்பழம்! கரடியே விரும்பித் தின்ற பழம்!" என்று மின்னி கூவியது.

குரங்குகள் மோந்து பார்த்தன. "சே! கூழாகக் குழைந்திருக்கிறதே!" என்று நகர்ந்தன. மான்கள் திரும்பியே பார்க்கவில்லை.

மின்னிக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து, பூவாள் என்ற மைனா கிளையிலிருந்து இறங்கி வந்தது.

"ஏன் அழுகிறாய்?"

"கரடிக்குப் பிடித்த மாதிரியே கனிய வைத்துக் கொண்டுவந்தேன். யாருக்கும் பிடிக்கவில்லை. இவர்களுக்கு என்னதான் பிடிக்கும்?"

"வா, அவர்களையே கேட்போம்! எனக்கு இங்கே எல்லாரையும் தெரியும்."

தன் இரை தேடும் வேலையை விட்டுவிட்டு, பூவாள் பொழுது சாயும்வரை மின்னியோடு அலைந்தது. குரங்குகள் புளிப்பான செங்காய் கேட்டன. மான்கள் வெயிலில் காய்ந்த வற்றலைக் கேட்டன. கிளிகளோ, "பச்சைக் காய்தான் வேண்டும்!" என்றன.

மின்னி தீவுக்குத் திரும்பிச் சொன்னதும் அணில்கள் எல்லாம் வேலையில் இறங்கின. சில அணில்கள் காய் பறித்தன, மற்றவை பழத்தைப் பாறையில் உலர்த்தின.

"அடியில் கொஞ்சம் சொத்தையைப் போட்டால் யாருக்குத் தெரியும்?" என்றது ஓர் அணில்.

"பூவாள் நம்மை நம்பி அழைத்துப் போனாள். அவள் தலைகுனியக் கூடாது!" என்றது மின்னி.

இம்முறை காட்டில் கூடைகள் நொடியில் காலியாயின; பதிலுக்குத் தினை கிடைத்தது. குரங்குத் தலைவன் வந்து, "இனி எல்லாவற்றையும் எங்களுக்கே கொடு! இரண்டு மடங்கு தினை தருகிறோம்!" என்றான்.

மின்னிக்கு ஆசைதான். ஆனால் கரடி போனபின் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. "உங்கள் பங்கு தவறாமல் வரும், அண்ணே. மான்களுக்கும் கிளிகளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டோம்!" என்று பணிவாகச் சொன்னது.

அடுத்த வருடம் குரங்குகளின் தோப்பில் மாங்காய் காய்த்துக் கொட்டியது. அவை இலந்தை பக்கமே வரவில்லை. ஆனாலும் மான்களும் கிளிகளும் வாங்கின. தீவில் ஒரு பிள்ளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

அந்தக் கோடையில் அணில்கள் எல்லாம் கல்லன்மேல் ஏறிப் பூவாளைப் பார்க்க வந்தன.

"முட்டையைத் தின்னும் பாம்பு எங்கள் தீவில் கிடையாது. அங்கே வந்து கூடு கட்டு, அக்கா!" என்றது மின்னி.

பூவாளுக்கு வெட்கமாகப் போயிற்று. "நான் என்ன பெரிதாகச் செய்தேன்? நாலு பேரிடம் அழைத்துப் போனேன், அவ்வளவுதானே!"

"அந்த நாலு பேரால்தான் எங்கள் பிள்ளைகள் இன்று வயிறாரச் சாப்பிடுகிறார்கள்!" என்றது மின்னி. அணில்கள் எல்லாம் கைகூப்பின.

ஒருவரையே நம்பியிராமல், பலரின் விருப்பத்தைக் கேட்டறிந்து நேர்மையாகக் கொடுப்பவர்களும், வழிகாட்டியவரை மறக்காதவர்களும் எவ்வளவு சிறியவர்களானாலும் நன்றாக வாழ்வார்கள்.