ஊருக்குள் வந்த சாம்பமூர்த்தி

அரண்மனை வைத்தியர் சாம்பமூர்த்திக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. விரலிடுக்கில் வருகிற ஒரு புதுச் சொறியை அவர்தான் முதலில் கண்டுபிடித்தாராம். தமுக்கடிக்கும் மாடப்பனைக் கூப்பிட்டார்.

"இனிமே இந்த நோய்க்குப் பேரு சாம்பமூர்த்தி. பொழுது சாயறதுக்குள்ள ஊரே என் பேரைச் சொல்லணும். இல்லேன்னா உன் தமுக்கைப் பிடுங்கிடுவேன்."

தமுக்கு போனால் மாடப்பன் வீட்டில் சோறு போச்சு. ஆனாலும், "இம்புட்டுத்தானா சாமி?" என்று கிளம்பினான்.

தெருத்தெருவாகத் தமுக்கு முழங்கியது. "சாம்பமூர்த்தி வந்திருக்கு, சாம்பமூர்த்தி. தொட்டா ஒட்டிக்கும். வீட்டுக்குள்ள விட்டுடாதீங்க."

சாயங்காலம் வைத்தியர் மிடுக்காக வீதியில் இறங்கினார். கிணற்றடியில் ஒருத்தி, "என் மாமியாருக்கு இடுப்பு வரைக்கும் சாம்பமூர்த்தி ஏறிடுச்சுடி" என்று புலம்பினாள். பக்கத்தில் நின்றவள், "வேப்பிலையை அரைச்சு அப்பு. செத்து ஒழியும்" என்றாள்.

வைத்தியர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடப்பன் வீட்டுக்கு ஓடினார். "சொறின்னே சொல்லிடுப்பா."

"சொல்லலாம் சாமி. தமுக்கு?"

"உன் பேரன் காலத்துக்கும் உன் வீட்டுலயே இருக்கட்டும்."

மாடப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. 'சாம்பமூர்த்தி ஒழிஞ்சது' என்றுதான் அறிவிக்க இருந்தான். வைத்தியர் கையெடுத்துக் கும்பிட்டதால், "இனிமே வெறும் சொறிதான்" என்பதோடு விட்டுவிட்டான்.