புகார்க் குழாய்

நாகர்கோவிலில் ஒரு குரு இருந்தாள். பெயர் ஜெனிபா, வயது இருபத்தாறு. சீடர் டென்னிசனுக்கோ ஐம்பத்தொன்று. நில அளவைத் துறை வேலையை விட்டுவிட்டு கணினி நிரல் எழுதப் படிக்க வந்தவர்.

மழைப் பதிவேடுகளுக்கான கட்டற்ற மென்பொருள் ஒன்றை ஜெனிபா பார்த்துக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் அதில் கை வைக்கலாம். டென்னிசன் இரண்டு மாதமாகக் கை வைத்தார். பழைய நிரல் ஒன்று பதிவேட்டைத் திறந்து வரிவரியாகக் கொடுக்கும். அதை வாங்கிப் படிப்பது அவருடைய நிரல்.

அன்று மூன்று மணிக்குப் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். அவர் நிரலோ நாலாயிரம் வரி படித்துவிட்டு, படுத்த மாடு மாதிரி அசைய மறுத்தது. ஓடாவிட்டால் அவருடைய பகுதி இல்லாமலே பதிப்பு போய்விடும்.

டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"குருவே, இது ஏன் நிக்குது?"

"சொல்லுதேன் அண்ணாச்சி. ஜன்னல்ல ஒரு பூனை..."

"பூனை கெடக்கட்டும். பதிலை மட்டும் சொல்லு மக்ளே."

"பழைய நிரலுக்கு ரெண்டு குழாய் உண்டும்லா? அதுல ஒண்ணு... அண்ணாச்சி, பூனை மேசைக்கு வந்துட்டு."

"பதில்! பதில்!"

ஜெனிபா வாயை மூடிக்கொண்டாள்.

டென்னிசன் காத்திருந்தார். மணி இரண்டே காலைத் தாண்டியது.

"என்ன மக்ளே, பாதியில நிறுத்திட்ட?"

அவள் மோவாயால் டப்பாவைக் காட்டினாள். பொரித்த சாளை மீன் மூன்றும் போயிருந்தன. பூனை ஜன்னலில் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவமே! சொல்லியிருக்கப்படாதா?"

"சொல்லத்தானே வந்தேன். நீங்க வாங்கிக்கிடல. பூனைப் பேச்சு தொண்டையில நிக்கும்போது பதில் எந்த வழியா வரும்?"

டென்னிசன் டப்பாவைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

பழைய நிரல் ஒரு குழாயில் மழைக் கணக்கைத் தரும், இன்னொன்றில் புகார் சொல்லும். நில அளவையில் இருபது வருடம் கேட்ட புகாரே போதும் என்று, இரண்டாவதை அவர் முதல் நாளே கேட்காமல் விட்டிருந்தார். அது நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது. அடுத்த புகாரைத் தள்ள இடமில்லாமல் பழைய நிரல் மழைக் கணக்கையும் நிறுத்தியிருந்தது.

இப்போது தன் நிரலில் இரண்டு வரி சேர்த்து அதற்கும் காது கொடுத்தார். 'தேதி இல்லை', 'தேதி இல்லை' என்று புகார் கொட்டியது. கூடவே மழைக் கணக்கும் ஓடி வந்தது. மணி இரண்டு நாற்பது.

"ஓடிட்டு குருவே!" என்று நாற்காலியை விட்டுத் துள்ளியவர், உடனே முகம் சுருங்கினார். "ஆனா இவ்வளவு புகாரையும் நான் எங்க போயித் தீர்க்க?"

ஜெனிபா தன் டப்பாவிலிருந்து ஒரு மீனை எடுத்து அவர் சோற்றின்மேல் வைத்தாள்.

"தீர்க்கச் சொல்லி அது கேக்கலயே, அண்ணாச்சி."